‘தொழில்நுட்பக் கோளாறு’ என்று எழுதும் முன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்காவது கணினிச் சேவை முடங்கினால், ‘தொழில்நுட்பக் கோளாறே காரணம்’ என்ற வரியோடு செய்தி முடிந்துவிடுகிறது. 22 ஆண்டுகளாகக் கணினி வலையமைப்புகளைப் பராமரித்து வருகிறேன். அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஓர் இரவு நினைவுக்கு வருகிறது.

அப்போது ஒரு மருத்துவமனையில் வேலை. இரவு 11 மணிக்கு ஒரு தளத்தின் கணினிகளை வலையமைப்போடு இணைக்கும் சுவிட்ச் என்ற கருவி பழுதாகி நின்றது. பணியில் இருந்த இளைஞர் கிடங்கில் கிடந்த பழைய சுவிட்சை எடுத்துவந்து பொருத்தினார். அந்த அவசரத்தில் நானும் அதைத்தான் செய்திருப்பேன். அடுத்த நிமிடமே கட்டடம் முழுவதும் இணைப்பு அற்றுப்போனது. பரிசோதனைக்கூட முடிவுகள் வார்டுகளுக்கு வரவில்லை. செவிலியர்கள் அவற்றைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு மாடிப்படிகளில் ஓடினார்கள்.

அந்தப் பழைய சுவிட்சை ரேக்கிலிருந்து கழற்றியபோது அதன் அமைப்புகளை யாரும் அழிக்கவில்லை. பிறகு பயிற்சிக்காக அதில் பலமுறை விலான்களை உருவாக்கி நீக்கியிருந்தார்கள். விலான் என்பது ஒரே வலையமைப்பைத் துறைவாரியாகப் பிரிக்கும் பாத்தி. சுவிட்சுகள் விலான் பட்டியலைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் விடிபி என்ற நெறிமுறையில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் திருத்த எண் ஒன்று கூடும். எண் பெரிதாக உள்ள சுவிட்சின் பட்டியலையே மற்றவை ஏற்றுக்கொள்ளும். பழையதில் 87, எங்களுடையதில் 61. எங்கள் பாத்திகள் எல்லாம் ஒரே நொடியில் அழிந்தன. கேபிளில் குறையில்லை, மின்சாரத்தில் குறையில்லை, ஆனால் தகவல் மட்டும் நகரவில்லை.

எங்களைக் காப்பாற்றியது ரேக் கதவின் உட்புறம் ஒட்டியிருந்த ஒரு தாள். பணி ஓய்வு பெற்ற மூத்த சக ஊழியர் ஒருவர் ஒவ்வொரு விலானின் எண், துறை, எழுதிய தேதி மூன்றையும் கோடு போட்டுக் கையால் எழுதி வைத்திருந்தார். அதைப் பார்த்து நள்ளிரவுக்குப் பிறகு ஒவ்வொன்றாக மீட்டோம். ஆனால் அவர் போன பிறகு சேர்க்கப்பட்ட நான்கு விலான்கள் அந்தத் தாளில் இல்லை. சேர்த்தவர்களில் நானும் ஒருவன். அந்த நான்கைத் தேடிப் பிடிக்க விடிந்துவிட்டது. அவற்றில் ஒன்று ரத்த வங்கி.

ஒரு கருவி வரும் நாளில் சீரியல் எண், எந்த ரேக், கேபிள் செருகிய போர்ட் எது, கருவிக்குள் இயங்கும் மென்பொருளான ஃபர்ம்வேரின் பதிப்பு, தயாரிப்பாளர் ஆதரவை நிறுத்தும் தேதி ஆகியவற்றை எழுதிவிட வேண்டும். கேபிளின் இரு முனையிலும் ஒரே பெயர் இருக்க வேண்டும். இதற்கான டிஐஏ-606 தரநிலை 1993-லேயே வந்துவிட்டது. வாங்கும்போது இவற்றைச் சிலராவது எழுதுகிறார்கள். கழற்றும்போது எழுதுகிறவர்கள் மிகக் குறைவு. 2023-ல் ஈசெட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பழைய ரூட்டர்களை வாங்கிப் பார்த்தபோது, பாதிக்கு மேற்பட்டவற்றில் முந்தைய நிறுவனங்களின் ரகசிய விவரங்கள் அப்படியே இருந்தன. கழற்றிய கருவி கிடங்குக்குப் போவதற்கு முன்பே அழித்து, தேதியிட்டுப் பதிவு செய்தாக வேண்டும்.

‘இதற்கெல்லாம் மென்பொருள் இருக்கிறதே’ என்பார்கள். இருக்கிறது. நெட்பாக்ஸ் போன்றவை இலவசமாகவே கிடைக்கின்றன. எல்எல்டிபி நெறிமுறை வழியே எந்தக் கருவி எதனோடு இணைந்திருக்கிறது என்பதைக் கருவிகளே சொல்லிவிடும். ஆனால் அந்த இணைப்பை ஏன் கொடுத்தோம், யார் கேட்டார்கள், எப்போது எடுத்துவிடலாம் என்பதை எந்த நெறிமுறையும் சொல்லாது. அதை வேலையை முடித்தவரே, கை ஈரம் காய்வதற்குள் எழுத வேண்டும். அந்த அரைமணி நேரத்தை ‘வேலை இல்லாத நேரம்’ என்று கணக்கிடும் மேலாளர்கள் மீது எனக்கு இன்றும் கோபம் உண்டு.

எனவே தங்கள் செய்தியாளர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை யாராவது ‘தொழில்நுட்பக் கோளாறு’ என்று அறிக்கை தந்தால், இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: உங்கள் வலையமைப்பு வரைபடத்தில் கடைசியாகத் திருத்தம் செய்த தேதி எது? பழுதான கருவிக்கு ஆதரவு முடிந்து எத்தனை நாள் ஆகிறது? கிடைக்கும் பதிலை, பதில் கிடைக்காவிட்டால் அதையும், செய்தியிலேயே போடுங்கள்.

இப்படிக்கு,
வலையமைப்புப் பராமரிப்பில் பணிபுரியும் வாசகர்