பி.எம்.ஐ. கட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு டேப்: உடற்தகுதிப் படிவம் வகுப்போருக்குத் திறந்த மடல்

வேலைக்கும் காப்பீட்டுக்கும் பயிற்சிச் சேர்க்கைக்கும் உடற்தகுதிப் படிவம் வகுக்கும் மருத்துவக் குழுக்களுக்கு,

வணக்கம்.

உங்கள் படிவத்தில் உயரத்துக்கு ஒரு கட்டம், எடைக்கு ஒரு கட்டம். இரண்டையும் வைத்துக் கணக்குப் போட்டு நிரப்பும் மூன்றாவது கட்டம் பி.எம்.ஐ. (கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தது). அதில் 24.9 விழுந்தால் தகுதி, 25.1 விழுந்தால் கூடுதல் எடை. அதற்குமேல் யாரும் எதுவும் கேட்பதில்லை. உடலில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்று அளப்பதே எங்கள் வேலை. பி.எம்.ஐ.யைத் தூக்கிப் போடுங்கள் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. பக்கத்தில் வயிற்றுச் சுற்றளவுக்கு ஒரு கட்டம் சேர்க்க வேண்டும். ஏதோ ஓர் இயந்திரம் காட்டும் கொழுப்புச் சதவீதத்தை பி.எம்.ஐ.யின் இடத்தில் உட்கார வைக்கக் கூடாது. கோரிக்கை இவ்வளவுதான். இரண்டாவதைத்தான் நீட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இப்போது பலரும் போய்க்கொண்டிருக்கும் வழி அது.

எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் கணக்கு, 1830களில் பெல்ஜியத்து வானியலாளரும் புள்ளியியலாளருமான அடால்ஃப் கெட்லே கண்டது. அவர் தேடியது சராசரி மனிதனை, நோயாளியை அல்ல. அதற்கு ‘உடல் நிறைக் குறியீடு’ (ஆங்கிலச் சுருக்கம் பி.எம்.ஐ.) என்று பெயர் வைத்தவர் அமெரிக்க உடலியலாளர் ஆன்செல் கீஸ், 1972இல். ஐந்து நாடுகளைச் சேர்ந்த ஏழாயிரத்துச் சொச்சம் ஆண்களின் அளவுகளை வைத்து, புழக்கத்தில் இருந்த மற்ற எடை–உயரக் குறியீடுகளைவிட இது மோசமில்லை என்று காட்டினார். பெண்கள் அந்த ஆய்வில் இல்லை. மக்கள்தொகைகளை ஒப்பிடப் பிறந்த எண் அது. எல்லைக்கோடுகளும் கல்லில் வெட்டியவை அல்ல. அமெரிக்காவில் 1998 வரை ஆண்களுக்கு 27.8, பெண்களுக்கு 27.3 என்றிருந்த கோடு 25க்கு இறங்கியது. ஒரு கிலோகூடக் கூடாமலே கோடிக்கணக்கானவர்கள் ‘கூடுதல் எடை’ ஆனார்கள். 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, ஆசிய மக்களுக்கு 23, 27.5 ஆகிய இடங்களிலும் கவனக் கோடு தேவை என்றது. உங்கள் படிவம் இவற்றில் எந்தக் கோட்டைப் பின்பற்றுகிறது என்பதைப் படிவத்திலேயே அச்சிடுங்கள்.

முதலில், இருக்கும் இரண்டு கட்டங்களே சரியாக நிரம்புகின்றனவா? 170 செ.மீ. உயரமும் 72.25 கிலோ எடையும் உள்ளவருக்கு பி.எம்.ஐ. மிகச் சரியாக 25.0. அவர் கொஞ்சம் தளர்ந்து நின்று உயரம் 168 என்று பதிவானால் 25.6. காலணி, பெல்ட், பையில் கைபேசி என்று ஒரு கிலோ சேர்ந்தால் இன்னொரு 0.35 ஏறும். ஒருவரின் தகுதியை 0.1இல் தீர்மானிக்கும் படிவம், அளவுகோல் சுவரில் செங்குத்தாக இருக்கிறதா, குதிகாலும் பிட்டமும் சுவரைத் தொடுகின்றனவா, பார்வை நேராக இருக்கிறதா என்று பார்ப்பதே இல்லை. வயதானவர்களுக்கு இது இன்னும் சிக்கல். முதுகெலும்பு அமுங்கி 160 செ.மீ. ஆள் 156 ஆகிவிட்டால், அதே 56 கிலோவுக்கு பி.எம்.ஐ. 21.9இலிருந்து 23.0 ஆகிறது. எடை ஒரு கிராம் கூடவில்லை. அவர் உடலுக்குள் தசை குறைந்து கொழுப்பு கூடியிருந்தால் அந்தச் செய்தியோ எங்குமே பதிவாகாது.

பி.எம்.ஐ.யைக் குறை சொல்கிறவர்கள் உடனே காட்டும் உதாரணம் தசை முறுக்கிய விளையாட்டு வீரர். அது உண்மைதான், ஆனால் அப்படிப்பட்டவர்கள் சிலரே. கண்ணால் பார்த்தாலே தெரிந்துவிடும். ஆபத்து மறுபக்கத்தில் இருக்கிறது: பி.எம்.ஐ. ‘சரி’ என்று சொல்லி அனுப்பிவிடும் ஆட்கள். சித்தரஞ்சன் யாஜ்னிக், ஜான் யுட்கின் என்ற இரு மருத்துவர்கள் 2004இல் லான்செட் மருத்துவ இதழில் தங்களையே எடுத்துக்காட்டாக வைத்தார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. உடல் கொழுப்போ ஒருவருக்கு 9.1 சதவீதம், மற்றவருக்கு 21.2. உங்கள் படிவத்தில் இருவரும் ஒரே ஆள். 2008இல் அமெரிக்கத் தேசிய ஆய்வொன்றின் 13,601 பேரின் தரவுகளைப் பார்த்தபோது, கொழுப்புச் சதவீதப்படி உடற்பருமன் உள்ள ஆண்களில் 36 சதவீதத்தினரையும் பெண்களில் 49 சதவீதத்தினரையும் மட்டுமே பி.எம்.ஐ. 30 என்ற கோடு பிடித்தது. பிடித்தவர்களைப் பெரும்பாலும் சரியாகவே பிடித்தது, விட்டதுதான் அதிகம். (அந்த ஆய்வில் கொழுப்பை அளந்ததே மின்தடை முறையில். அந்த முறையின் குறைகளைக் கீழே பார்ப்போம். எண்களைத் தூக்கிக்கொண்டு ஓடுமுன் இதையும் நினைவில் வையுங்கள்.)

2025 ஜனவரியில் லான்செட் நீரிழிவு இதழின் ஆணையக் குழு சொன்னதும் இதையொட்டியே. பி.எம்.ஐ. வடிகட்டப் பயன்படட்டும், தனி ஒருவரின் உடலில் கொழுப்பு மிகுதி என்று உறுதி செய்ய, சுற்றளவோ நேரடிக் கொழுப்பு அளவோ ஒன்று கூட வேண்டும். பி.எம்.ஐ. 40க்கு மேல் போனால் மட்டும் அந்தச் சரிபார்ப்பு தேவையில்லை.

அந்தக் கூடுதல் அளவுகளில் மிக மலிவானது டேப். மிகச் சுலபமாகக் கெட்டுப்போவதும் அதுதான்.

‘இடுப்புச் சுற்றளவு’ என்று படிவத்தில் போடாதீர்கள். தமிழில் இடுப்பு என்ற ஒரே சொல் வயிற்றின் ஒடுங்கிய இடத்தையும் குறிக்கும், பிட்டத்துக்கு மேலே எலும்பு முட்டும் இடத்தையும் குறிக்கும். அளப்பவர் கால்சட்டை நிற்கும் இடத்தில் டேப்பைச் சுற்றிவிடுவார். ‘வயிற்றுச் சுற்றளவு’ என்று எழுதி, எந்த இடம் என்று கீழே ஒரு வரி சேருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் முறை இது: பக்கவாட்டில், அக்குளுக்கு நேர் கீழே, விரலுக்குத் தட்டுப்படும் கடைசி விலா எலும்பின் கீழ்விளிம்பில் பேனாவால் ஒரு கோடு, இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் இன்னொரு கோடு, இரண்டுக்கும் நடுவில் டேப். அமெரிக்க முறையில் இடுப்பெலும்பின் மேல்விளிம்பிலேயே டேப் நிற்கும். இரண்டும் வேறு வேறு எண் தரும், குறிப்பாகப் பெண்களுக்கு. எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், கலக்காதீர்கள். தொப்புளை மட்டும் அடையாளமாக வைக்க வேண்டாம். வயிறு தொங்கத் தொங்க அதுவும் கூடவே இறங்கும்.

ஆடையை விலக்கி, பாதங்களைச் சேர்த்து, கைகளைப் பக்கத்தில் தொங்கவிட்டு நிற்கச் சொல்லுங்கள். டேப் தரைக்கு இணையாக இருக்க வேண்டும். முன்னால் சரியாக இருப்பது முதுகுப்பக்கம் சரிந்திருக்கும், ஆகவே பின்னால் ஒரு கண்ணாடியோ இன்னொருவரின் கண்ணோ தேவை. தோலைத் தொட வேண்டும், அழுத்தக் கூடாது. டேப்பைப் பார்த்ததும் வயிற்றை உள்ளிழுக்காத மனிதர் அபூர்வம். ஏதாவது பேச்சுக் கொடுத்து, இயல்பாக மூச்சு விட்டு முடிக்கும் நொடியில் படியுங்கள். இரண்டு முறை அளந்து, வித்தியாசம் 1 செ.மீ.க்குள் இருந்தால் சராசரி, தாண்டினால் முதலிலிருந்து. துணி டேப் நாளடைவில் நீளும். மாதம் ஒருமுறை எஃகு அளவுகோலோடு வைத்துப் பார்த்து, நீண்டிருந்தால் குப்பையில் போடுங்கள்.

கிடைத்த எண்ணை உயரத்தால் வகுத்தால் ஒரே வரியில் பயன் தெரியும். பிரிட்டனின் வழிகாட்டு நிறுவனமான நைஸ் 2022 முதல் சொல்லும் கணக்குப்படி 0.5க்குக் கீழே நல்லது, 0.5 முதல் 0.59 வரை ஆபத்து கூடுகிறது, 0.6க்கு மேல் மிக அதிகம். 170 செ.மீ. ஆளுக்கு 85 செ.மீ. கோடு. ஆணா பெண்ணா என்ற பிரிவு இதில் வேண்டியதில்லை. பி.எம்.ஐ. 35க்கு மேல் உள்ளவர்களுக்கு இந்த விகிதம் புதிதாக எதுவும் சொல்லாது. கருவுற்றவர்களுக்கும் வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கும் இது பொருந்தாது. தோலடிக் கொழுப்பையும் குடலைச் சுற்றிய உள்ளுறுப்புக் கொழுப்பையும் டேப் பிரித்துக் காட்டாது என்பதும் உண்மை. அதற்கு சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. வேண்டும்; தகுதிச் சான்றுக்காக யாரையும் அங்கே அனுப்ப வேண்டியதில்லை.

இனி இயந்திரத்துக்கு, அதாவது மேலே சொன்ன மின்தடை முறைக்கு, வருவோம். வெறுங்காலோடு ஏறி நின்றால் ‘கொழுப்பு 24.7%’ என்று தசமப்புள்ளியோடு காட்டும் எடைமேடை கொழுப்பை அளக்கவே இல்லை. ஒரு பாதத்தில் மிகச் சிறிய மாறுமின்னோட்டத்தைச் செலுத்தி, மறு பாதம் வரை எவ்வளவு தடை என்று பார்க்கிறது. தடையையும் உயரத்தையும் வைத்து உடலில் உள்ள நீரை ஊகிக்கிறது. கொழுப்பில்லாத திசுவில் 73 சதவீதம் நீர் என்று கொண்டு அந்தத் திசுவின் எடையைக் கணக்கிட்டு, மொத்த எடையிலிருந்து கழித்து, மிச்சத்தைக் கொழுப்பு என்கிறது. எல்லாப் பிழையும் அந்த மிச்சத்தில்தான் வந்து சேரும். 70 கிலோ ஆளுக்கு நீர் 38.5 லிட்டர் என்று அது நினைத்தால் கொழுப்பு 24.7 சதவீதம். ஒரு லிட்டர் குறைத்து நினைத்தால் 26.6. வியர்த்து வந்து தண்ணீர் குடிக்காதவருக்குக் கொழுப்பு கூடியதாகக் காட்டுவது இதனால்தான். சரி, ஏறுமுன் ஒரு லிட்டர் குடித்துவிட்டால்? அதுவும் கொழுப்பாகவே பதிவாகும். உடல் எடையில் பாதி நடுவுடலில் இருந்தாலும், அது தடித்த குழாய் மாதிரி. மொத்தத் தடையில் அதன் பங்கு சிறிது. மெலிந்த கைகால்கள்தான் தடையைத் தீர்மானிக்கின்றன. இரைப்பையில் உள்ள நீரை மின்சாரம் கவனிப்பதில்லை, எடைத்தட்டு கவனிக்கிறது. காலோடு கால் இயந்திரத்தில் மின்னோட்டம் பெரும்பாலும் கால்களிலேயே சுற்றி வருவதால் வயிற்றைப் பற்றி அது சொல்வதெல்லாம் சூத்திரத்தின் ஊகம். கால் வீங்கியவருக்கு வீக்கத்தையே தசை என்று காட்டும்.

இதைச் சோதிக்க ஒரு சுலப வழி: அதே ஆள், அதே நிமிடம், ‘விளையாட்டு வீரர்’ என்ற பொத்தானை மட்டும் மாற்றி மறுபடி ஏறட்டும். எண் சட்டென்று இறங்கும். உடல் மாறவில்லை, சூத்திரம் மாறியது.

இருந்தாலும் வாங்கிவிட்டீர்கள் என்றால், ஒரே ஆளின் போக்கை மாதக்கணக்கில் பார்க்க வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டு 4 மணி நேரம், உடற்பயிற்சி செய்து 12 மணி நேரம் கழிந்திருக்க வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு, ஒரே இயந்திரத்தில், நாளின் ஒரே வேளையில். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்களை இதில் ஏற்றவே கூடாது. இந்தக் கேள்வியைக் கேட்காமல் ஏற்றும் இடங்கள் இருக்கின்றன.

தோல்மடிப்பின் தடிமனை காலிப்பர் என்ற இடுக்கிக் கருவியால் அளக்கும் முறை பழையது. தேர்ந்த கை இருந்தால் இன்றும் மட்டமில்லை. வலப்பக்கம், மேற்கையின் பின்புறம் தோள்முனைக்கும் முழங்கை முனைக்கும் நடுவில் குறியிட்டு, கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் தோலையும் கொழுப்பையும் தசையிலிருந்து பிரித்துப் பிடித்து, விரல்களுக்கு 1 செ.மீ. தள்ளி காலிப்பரை வைத்து, காலிப்பரின் பிடியை (விரல்களின் பிடியை அல்ல) விட்ட 2 நொடிக்குள் படிக்க வேண்டும். தாமதித்தால் கொழுப்பு அமுங்கி எண் இறங்கிக்கொண்டே போகும். அதனால்தான் ஒரே இடத்தை உடனே மறுபடி அளக்காமல், மற்ற இடங்களைச் சுற்றிவிட்டு வர வேண்டும். வியர்வை, எண்ணெய் இருந்தால் மடிப்பு வழுக்கும். மிகப் பருத்தவர்களின் மடிப்பு காலிப்பரின் வாய்க்குள் அடங்காது. எல்லா இடங்களின் மில்லிமீட்டர் கூட்டலை அப்படியே எழுதிவையுங்கள். சதவீதமாக மாற்றும்போதுதான் அடுத்த பிழை நுழைகிறது.

அந்த மாற்றம் எவ்வளவு தளர்வானது என்று டேப் சூத்திரங்களிலேயே பார்க்கலாம். ஓர் ஆண்: உயரம் 170, வயிறு 90, கழுத்து 38 செ.மீ. அமெரிக்கக் கடற்படையின் சூத்திரம் அவருக்குக் கொடுப்பது 21.5 சதவீதம். 2018இல் வந்த ஒப்பீட்டுக் கொழுப்புச் சூத்திரத்தில், 64இலிருந்து (20 × 170 ÷ 90)ஐக் கழித்தால் 26.2. ஒரே உடல், ஒரே டேப், ஆண்களுக்கு உடற்பருமன் என்று வழக்கமாகப் போடும் 25 சதவீதக் கொழுப்புக் கோட்டின் இரு பக்கம். முதல் சூத்திரத்திலேயே வயிற்றை 2 செ.மீ. கூட்டி அளந்துவிட்டால் 22.9.

டெக்ஸா ஸ்கேன் இவற்றைவிட நம்பகமானது. இரண்டு ஆற்றல் அளவில் எக்ஸ்கதிர் செலுத்தி எலும்பு, கொழுப்பு, மற்ற மென்திசு என்று மூன்றாகப் பிரிக்கும்; கதிர்வீச்சு மிகக் குறைவு. ஆனால் ஒரு தயாரிப்பாளரின் இயந்திரத்தில் எடுத்ததை இன்னொன்றில் எடுத்ததோடு ஒப்பிட முடியாது. நீருக்கடியில் எடைபார்க்கும் முறையிலும்கூட ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. கொழுப்பில்லாத உடலின் அடர்த்தி எல்லோருக்கும் கன செ.மீ.க்கு 1.1 கிராம் என்று அது வைத்துக்கொள்கிறது. எலும்பு மிக அடர்ந்த சிலருக்குக் கணக்குப்படி கொழுப்பு சுழியத்துக்கும் கீழே போயிருக்கிறது.

ஆகவே படிவத்தில் நாங்கள் கேட்கும் மாற்றம் இது. பி.எம்.ஐ. கட்டத்துக்குப் பக்கத்தில்: ‘வயிற்றுச் சுற்றளவு, விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், இரு அளவுகள்: ___ , ___ செ.மீ. உயரத்தால் வகுத்தது: ___ . அளந்தவர் கையொப்பம்.’ கொழுப்புச் சதவீதம் யாராவது கொண்டுவந்தால், எந்த முறை, எந்தக் கருவி, எந்த நாள், எத்தனை மணி என்பதில்லாமல் அதை ஏற்க வேண்டாம். பி.எம்.ஐ. கோட்டுக்கு இரு பக்கமும் ஒரு புள்ளிக்குள் இருப்பவர்களை வேறொரு நாள் மறுபடி அளந்த பிறகே முடிவெழுதுங்கள். 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு இந்தப் படிவமே வேண்டாம். அவர்களுக்கு வயதும் பாலினமும் பார்த்த வளர்ச்சி வரைபடம் இருக்கிறது.

இப்படிக்கு,
உடலமைப்பு அளவீட்டுப் பணியில் இருப்போர்