பெட்டி கட்டிப் போகிறவர்கள் கணக்கு

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பிய தம்பி மகனை வழியனுப்பத் திருச்சி விமான நிலையம் போயிருந்தேன். அட்டைப்பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டி, மேலே மார்க்கரில் பெயர் எழுதிக்கொண்டு வரிசையாகப் பையன்கள். இவர்களில் எத்தனை பேர் அரசாங்கக் கணக்கில் ஏறுவார்கள்?

பத்தாம் வகுப்பு தேறாதவர்கள், அரசு குறித்து வைத்திருக்கும் 18 நாடுகளுக்கு வேலைக்குப் போனால்தான் குடிபெயர்வு அனுமதி (வெளிநாட்டு வேலைக்குப் போக அரசு தரும் ஒப்புதல்) வாங்க வேண்டும். அரசு சொல்லும் எண்ணிக்கை பெரும்பாலும் அதை வைத்துத்தான். பத்தாவது தேறியவர்களுக்கும் சுற்றுலா விசாவில் கிளம்புகிறவர்களுக்கும் அதில் இடமில்லை. திருச்சியிலிருந்து தினமும் விமானம் போகும் சிங்கப்பூரே அந்த 18-இல் கிடையாது!

சரி, எண்ணிக்கையாவது போகட்டும். ஏன் போகிறார்கள் என்பதாவது அந்தக் கணக்கில் தெரியுமா? எங்கள் பையன் போனது போர்வெல் கடனுக்காக. மூன்று இடத்தில் துளை போட்டும் தண்ணீர் வரவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் போனது அக்கா கல்யாணக் கடனுக்கு.

கேரளத்தில் 1998 முதல் சுமார் ஐந்தாண்டுக்கு ஒருமுறை வீடுகளுக்கே போய் விசாரித்து, வெளிநாடு போனவர்களைக் கணக்கெடுக்கிறார்கள். இங்கேயும் 2015-இல் அப்படி ஒன்று நடந்தது. அந்தப் பழைய கணக்கை வைத்துக்கொண்டு இன்னும் எத்தனை நாள்? அடுத்ததை இந்த ஆண்டே தொடங்கலாம். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் முதலில் வரட்டும்.

– ஒரு வாசகர், பரமக்குடி