பேச்சில்லாத அந்த இரண்டு நிமிடங்கள்

முத்தியால்பேட்டை,
புதுச்சேரி,
12.2.2025

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். முதலில் உங்கள் மூட்டு வலி எப்படி இருக்கிறதென்று எழுதுங்கள். அண்ணனின் காரியத்துக்கு வர முடியவில்லையே என்று தொலைபேசியில் நீங்கள் சொன்னபோது உங்கள் குரல் உடைந்தது இன்னும் என் காதில் இருக்கிறது. கோவையிலிருந்து அந்தக் காலோடு நீங்கள் புறப்பட்டு வருவது நடக்கிற காரியமில்லை என்று அண்ணிக்கும் தெரியும். அவர் உங்களைப் பற்றி இரண்டு முறை விசாரித்தார். குறையாக ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

பதினாறாம் நாள் முடிந்த மறுநாள், அண்ணனின் பீரோவில் இருக்கும் காகிதங்களைப் பார்த்துப் பிரித்துத் தரும்படி அண்ணி கேட்டுக்கொண்டதால், மஞ்சக்குப்பம் வீட்டுக்கு மறுபடியும் போனேன். இருபது ஆண்டுகளுக்கு மேல் தொலைக்காட்சிக்காக நாடகங்கள் எடுத்த ஒரு மனிதர், தன் வேலைக்கு அடையாளமாக வைத்துவிட்டுப் போனது ஒரே ஒரு தகரப் பெட்டி என்றால் நம்புவீர்களா? அதில் ஒரு ஒளிநாடாகூட இல்லை. இருந்தவை காகிதங்கள், அவையும் 'தானே' புயலில் நனைந்து, மொட்டை மாடியில் காயவைத்து எடுத்த காகிதங்கள். 2011 டிசம்பர் 30 காலையில் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே அந்தப் புயல் கரையேறியபோது, அவர் வீட்டுப் பலா மரம் பின்கட்டுக் கூரைமேல் சாய்ந்து, ஓடுகள் உடைந்து, மழை முழுவதும் அந்த அறைக்குள் இறங்கியது என்று உங்களுக்கு அப்போதே எழுதியிருக்கிறேன்.

பெட்டியின் அடியில், பிரெஞ்சுப் படையில் இருந்து திரும்பிய 'சொல்தா' ஒருவரைப் பற்றிய நம் நாடகத்தின் இயக்குநர் பிரதி கிடைத்தது. நாற்பது பக்கங்களில் முப்பத்தொரு பக்கங்கள் மிஞ்சியிருக்கின்றன. அண்ணன் எப்போதும் தன் பிரதியைத் தானே கையால் எழுதிக்கொள்வார் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். பக்கத்தை நீளவாக்கில் இரண்டாக மடித்து, வலப்பக்கம் வசனத்தைப் பேனா மையில் எழுதுவார். இடப்பக்கம் எந்த இடத்தில் எந்தக் கேமரா என்பதைச் சிவப்பு, நீலம், பச்சை வண்ணப் பென்சில்களால் குறிப்பார். மழைநீரில் பேனா மை முழுவதும் கரைந்து, வலப்பக்கம் வெளிறிய நீலப் படலமாகிவிட்டது. பென்சில் குறிகள் மட்டும் நேற்று போட்டவை போல அப்படியே இருக்கின்றன. "கேமரா 2, கை மட்டும்", "கேமரா 1, மெதுவாக அருகே", "கேமரா 3, அவசரப்படாதே" என்று பக்கம் பக்கமாக வருகிறது; எந்தச் சொல்லுக்காக அந்தக் கேமரா அருகே போனது என்பதுதான் இல்லை.

நான் எழுதிய வசனம்தான் அது. என் கையிலிருந்த ஒரே பிரதியையும் பத்திரமாக இருக்கட்டும் என்று அவரிடமே கொடுத்து வைத்திருந்தேன். நடிகர்களுக்குக் கொடுத்த ஸைக்லோஸ்டைல் பிரதிகளில் உங்களுடையதும் வீடு மாறியபோது போய்விட்டது என்று சொல்லியிருக்கிறீர்கள்.

ஒளிநாடாவுக்கு என்ன ஆயிற்று என்பதை அண்ணன் நம் இருவரிடமும் வெகுகாலம் சொல்லவில்லை. புயல் முடிந்து மூன்றாம் நாள், மாடியில் காகிதங்களைப் பரப்பி ஒவ்வொன்றின்மேலும் ஓட்டுத் துண்டை வைத்துக்கொண்டிருந்தபோது என்னிடம் மட்டும் சொன்னார். 1984-இல் நம் நாடகம் ஒளிபரப்பாகி நான்கு மாதங்கள் கழித்து, நிலையத்தில் வெற்று நாடா ஒன்றுகூட இல்லாத நிலையில், அடுத்த மூன்று ஒளிப்பதிவுகளுக்காக எந்தெந்த நாடாக்களை அழிக்கலாம் என்று ஒரு பட்டியல் தயாரானது. அந்தப் பட்டியலில் கையெழுத்துப் போட்டவர் அவரேதான். முக்கால் அங்குல நாடா அன்று வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய விலை உயர்ந்த சரக்கு. ஒன்றை அழித்தால்தான் இன்னொன்றை எடுக்க முடியும். மின்காந்தப் பெட்டியின்மேல் நாடாவை வைத்துச் சுற்றி எடுக்க அரை நிமிடம்கூட ஆவதில்லை. மறுஒளிபரப்பு ஒன்று வருமென்று நம்பியிருந்ததாகவும், அது வராது என்று தெரிந்த பிறகே கையெழுத்துப் போட்டதாகவும் சொன்னார். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு அவர்மேல் ஒரு துளிக் கோபமும் வரவில்லை என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டும். அந்த நாடாவில்தான் அவர் அடுத்த நாடகத்தை எடுத்தார். அதுவும் பின்னால் அதே வழியில்தான் போனது.

இது நம் பக்கத்தில் மட்டும் நடந்ததில்லை. பி.பி.சி.யில் பிலிப் சாவில் என்ற இயக்குநர் எடுத்து 1963 ஜனவரியில் ஒளிபரப்பான ஒரு நாடகத்தில், இங்கிலாந்தில் அப்போது அவ்வளவாக யாரும் அறிந்திராத பாப் டிலன் நடித்துப் பாடினார். 1968-இல் அந்தப் பதிவை அழித்துவிட்டார்கள். சாவில் 2016-இல் காலமானார். இன்று மிஞ்சியிருப்பது, வீட்டில் உட்கார்ந்து பார்த்த சிலர் டேப் ரெக்கார்டரில் பிடித்து வைத்த பாட்டுகளின் ஒலிதான். அதே நிறுவனத்தின் 'டாக்டர் ஹூ' தொடரில் தொண்ணூறுக்கும் மேற்பட்ட பகுதிகளின் படம் தொலைந்துபோன நிலையிலும், அத்தனை பகுதிகளின் ஒலியும் இப்படி நேயர்கள் வீட்டில் பதிவு செய்ததால் பிழைத்திருக்கிறது. இதையெல்லாம் நான் ஏன் எழுதுகிறேன் என்றால், நமக்கும் அப்படி ஒன்று கிடைத்திருக்கிறது.

என் அக்கா காலமாகி இந்த ஐப்பசியோடு ஆறு வருடம் ஆகிறது. அவருடைய இரும்புப் பெட்டியில் பக்திப் பாடல் கேசட்டுகளுக்கு நடுவே, "தம்பி நாடகம்" என்று அவர் கையெழுத்தில் எழுதிய அறுபது நிமிடக் கேசட் ஒன்று சென்ற மாதம் என் மருமகள் கண்ணில் பட்டது. நாடாவை அழுத்திப் பிடிக்கும் சிறு பஞ்சுத் துண்டு பசை விட்டு உதிர்ந்திருந்தது; அப்படியே ஓட்டினால் நாடா சிக்கிக்கொள்ளும் என்று பயந்து, பழைய டேப் ரெக்கார்டர் பழுது பார்ப்பவர் ஒருவரைத் தேடிப் பிடித்தேன். அவர் ஐந்து திருகாணிகளையும் கழற்றி, நாடாவை மட்டும் எடுத்து வேறொரு கூட்டில் பொருத்தி ஓட்டினார்.

நண்பரே, உங்கள் குரல் கேட்டது. முப்பது வயதுக் குரல்.

அக்கா அடுத்த வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டிக்கு எதிரே முக்காலி போட்டு, அதன்மேல் டேப் ரெக்கார்டரை வைத்துப் பிடித்திருக்கிறார். தெருவே அந்தக் கூடத்தில் கூடியிருந்திருக்கிறது. "மறைக்காதே, உட்காரு" என்று ஒரு பாட்டியின் குரல் கேட்கிறது, குக்கர் விசில் மூன்று முறை வருகிறது, நீங்கள் அண்ணனாக நடித்தவரிடம் "கையெழுத்துப் போட்டுட்டீங்களா?" என்று கேட்கும் இடத்தில் அத்தனை பேரும் ஒரு நொடியில் அடங்கிப் போகிறார்கள். பிரெஞ்சுப் படையில் இருந்து திரும்பிய கதையின் அண்ணன், புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16-இல் நடைமுறைக்கு வந்தபின் கிடைத்த ஆறு மாத அவகாசத்தில் பிரெஞ்சுக் குடியுரிமை கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டார் என்பதைத் தம்பி அறியும் இடம் அது. புதுச்சேரியில் அந்தக் காகிதம் எத்தனை வீடுகளில் உடன்பிறந்தவர்களை இருவேறு நாட்டுக் குடிமக்களாக்கியது என்பதைத் தெரிந்த கூட்டம் என்பதால்தான் அப்படி அடங்கியது என்று நினைக்கிறேன்.

தொடக்கத்தில் பிரெஞ்சுத் தேசிய நாளான ஜூலை 14 அணிவகுப்புக்காகப் பெரியவர் புளி போட்டு மெடல் துலக்கும் காட்சியில் கடல் ஓசைக்குக் கீழே அந்தத் தேய்க்கும் ஓசைகூட விழுந்திருக்கிறது. முதல் பக்கத்தின் பென்சில் குறிகளை முன்னால் வைத்துக்கொண்டு கேட்டபோது, "கேமரா 2, கை மட்டும்" என்று அண்ணன் எழுதியது எந்த ஓசைக்கு என்று புரிந்தது. இப்படி ஒவ்வொரு பக்கமாக ஒலியையும் குறியையும் சேர்த்து நான் புதிய பிரதி எழுதி வருகிறேன். முப்பதாவது நிமிடத்தில் கேசட்டின் ஒரு பக்கம் தீர்ந்து, அக்கா திருப்பிப் போடும் சில நொடிகளில் உங்கள் வசனம் ஒன்று பாதியில் அறுகிறது. அதை நான் எப்படியாவது எழுதிக்கொள்வேன்.

எழுத முடியாத இடம் ஒன்று இருக்கிறது. இருபத்திரண்டாம் நிமிடத்திலிருந்து ஏறக்குறைய இரண்டு நிமிடங்கள் பேச்சே இல்லை. தம்பி இரவில், அண்ணன் இல்லாத நேரத்தில், மெடல் பெட்டி இருக்கும் அறைக்குள் வரும் காட்சி. என் வசனப் பிரதியில் "தம்பி உள்ளே வருகிறான். பேச்சு இல்லை" என்று மட்டுமே எழுதியிருந்தேன்; மீதியை ஒத்திகையில் அண்ணனும் நீங்களும் உண்டாக்கினீர்கள். பிரதியில் தொலைந்த ஒன்பது பக்கங்களில் அந்தப் பக்கமும் ஒன்று. ஒளிப்பதிவின்போது நான் அப்பாவுடன் மருத்துவமனையில் இருந்தேன். ஒளிபரப்பான அன்று ரயில் தாமதமாகி விழுப்புரத்தில் நின்றுகொண்டிருந்தேன். நான் எழுதிய நாடகத்தை நான் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை.

போன வாரம் கருவடிக்குப்பத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் சமாதிக்குப் போயிருந்தேன். 1922 நவம்பரில் இந்த ஊரில்தான் அவர் உயிர் பிரிந்தது. அறுபத்தெட்டு நாடகங்கள் எழுதியதாகச் சொல்வார்கள். நம் கைக்கு எட்டியவை அதில் ஒரு பகுதிதான். அவர் நாடக சபையில் பாடம் கேட்ட சிறுவர்கள் பெரியவர்களானபின் தங்கள் மனத்திலிருந்து திருப்பித் தந்தவையும் இல்லாமல் போயிருந்தால் இன்னும் குறைந்திருக்கும். அண்ணன் ஆண்டுதோறும் அங்கே வருவார். ஒரு முழம் பூ வைத்துவிட்டுச் சிறிது நேரம் நின்றுவிட்டுப் போவார். இந்த முறை அவருக்காக நான் வைத்தேன்.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். அந்த இரண்டு நிமிடங்களில் உங்கள் கை என்ன செய்தது, எந்தப் பக்கம் திரும்பினீர்கள், மெடலை எடுத்தீர்களா, தொட்டுவிட்டு விட்டீர்களா, அண்ணன் ஒத்திகையில் எதை மாற்றச் சொன்னார் என்பதையெல்லாம் நினைவு வருகிறபடி எழுதி அனுப்புங்கள். வரிசை தப்பினாலும் பரவாயில்லை. கை நடுங்கினால் பேத்தியிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள். பிரதி முடிந்ததும் மஞ்சக்குப்பம் போய் அண்ணிக்கு முழுவதும் படித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன்.

கேசட்டின் ஒலியைப் பென் டிரைவில் ஏற்றி இன்று விரைவுத் தபாலில் சேர்த்திருக்கிறேன். இருபத்திரண்டாம் நிமிடத்தில் கதவுத் தாழ் விழும் ஓசை வரும். பிறகு நான்கு காலடி. அதன்பின் ஒரு தகர மூடி திறக்கிறது. அங்கிருந்து எழுதுங்கள்.

தங்கள் அன்பு நண்பன்