ஆடியும் மார்கழியும் தந்தவர்களுக்கு

பெங்களூரில் அல்சூர், சிவாஜிநகர், காக்ஸ் டவுன் பக்கத்து உறவுகளுக்கும், சிவகாசியிலும் கொக்கரே பெள்ளூரிலும் இருக்கிற பெரியவர்களுக்கும் வணக்கம்.

வருகிற சித்திரையோடு ஸ்டுடியோவை மூடுகிறேன். முழங்கால் இனி மலை ஏற மாட்டேன் என்கிறது. வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் அருவி, ஏரி, பாறை, பறவை என்று வெளியில் நின்று படமெடுத்தவன் நான். துணை நின்றவர்களை ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டால் பேச்சு மூட்டுவலிக்கும், பிள்ளைகள் படிப்புக்கும் போய்விடுகிறது. அதனால் எல்லோருக்கும் சேர்த்து இந்த மடல்.

முதல் நன்றி கல்யாண வீட்டுக்காரர்களுக்கு. இயற்கைப் படம் எடுப்பவன் என்று வெளியே பெயர் இருந்தாலும், வீட்டில் அரிசி வாங்கியது உங்கள் பிள்ளைகளின் முகூர்த்தப் பணத்தில்தான். தையிலும் ஆவணியிலும் மண்டபம் மண்டபமாக ஓடுவேன். ஆடியிலும் மார்கழியிலும் நம் ஆட்கள் கல்யாணம் வைப்பதில்லை, ஸ்டுடியோவில் ஈ ஓட்ட வேண்டியதுதான். ஆனால் ஆடியில்தான் காவிரி பெருகி சிவனசமுத்திரத்தில் பரச்சுக்கி, ககனச்சுக்கி அருவிகள் பொங்கி விழும். மார்கழியில்தான் ஹெசரகட்டா புல்வெளியில் விடிகாலைப் பனி படியும், நந்தி மலையின் 1,478 மீட்டர் உச்சியில் நின்றால் மேகம் காலுக்குக் கீழே கிடக்கும். என் பயண அட்டவணையை நான் போட்டதே இல்லை. பஞ்சாங்கமும் நீங்களும் போட்டுக் கொடுத்தீர்கள்.

மண்டபத்தில் கற்றதுதான் மலையிலும் உதவியது. ஹோமப் புகைக்கு நடுவே வெள்ளை வேட்டி மாப்பிள்ளையை எடுத்துப் பழகியவனுக்குப் பனிமூட்டம் புதிதல்ல. கேமராவில் வெளிச்சம் அளக்கும் மீட்டர் எந்த வெள்ளையையும் சாம்பலாக்கப் பார்க்கும். ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்கு வெளிச்சம், கூட்டிக் கொடுத்தால்தான் வெள்ளை வெள்ளையாக நிற்கும். இதைப் புத்தகத்தில் படிக்கும் முன்பே கண் எரிய எரியப் படித்துவிட்டேன்.

அடுத்து, என் ஃபிலிமைக் கழுவித் தந்த லேப் அண்ணன். ஃபியூஜியின் வெல்வியா 50 ஸ்லைடு ஃபிலிம் 1990-இல் வந்தது. ஸ்லைடு என்றால் பிரிண்ட் போடாமல் ஃபிலிமிலேயே நேர் நிறத்தில் படம் தெரியும். பச்சையையும் சிவப்பையும் அது காட்டுகிற விதத்தில் சொக்கிப்போகாத காலண்டர்காரர் கிடையாது. முகத்துக்கு மட்டும் ஆகாது, தோலைச் சிவக்க வைத்துவிடும். அதனால் கல்யாணத்துக்கு நெகட்டிவ், காட்டுக்கு வெல்வியா. வெளிச்சக் கணக்கு அரை ஸ்டாப் பிசகினாலும் ஸ்லைடில் தெரியும். நெகட்டிவ் என்றால் பிரிண்ட் போடும்போது சரிக்கட்டலாம். ஸ்லைடுக்கு இரண்டாம் வாய்ப்பு இல்லை. கழுவும்போது முதல் டெவலப்பர் 38 டிகிரியில் நிற்க வேண்டும், கொஞ்சம் ஏறி இறங்கினாலும் படத்தின் அடர்த்தி மாறும். கரண்ட் போகிற ஊரில் அந்த 38 டிகிரியை அவர் காத்த விதம் தனிக் கதை.

ரோல்கள் போதுமான அளவு சேராமல் கெமிக்கலைக் கலக்க மாட்டார். "அவசரம் அண்ணே" என்று எத்தனை முறை கெஞ்சினாலும், "காத்திருக்கலாம், படம் ஓடியா போகும்?" என்பார். அந்த இடைவெளியில், நாம் என்ன எடுத்தோம் என்பது பாதி மறந்துபோயிருக்கும். லைட் பாக்ஸில் வைத்துப் பார்க்கும்போது ஏறிய மலையும் நனைந்த சட்டையும் நினைவில் நிற்காது, படம் மட்டும் நிற்கும். தேர்வு செய்கிற கண் எனக்கு அப்படித்தான் வந்தது. இன்றைக்கும் டிஜிட்டலில் எடுத்ததை ஒரு வாரம் திறக்காமல் வைக்கிறேன். லேப் போய்விட்டது, அண்ணனின் கெடுபிடி என்னிடம் தங்கிவிட்டது.

சிவகாசி அச்சக முதலாளிக்கு என்ன சொல்ல? அடுத்த வருஷத்துக் காலண்டர்களின் மாதிரி ஆல்பங்கள் ஆடிப்பெருக்கன்று வெளிவருவது அங்கே வழக்கம். இந்த ஆடியில் எடுத்த அருவி அடுத்த ஆடியில்தான் ஆல்பம் ஏறும். என் முதல் செட் ஸ்லைடுகளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தவர் கேட்ட ஒரே கேள்வி: "படம் அருமை தம்பி, கடை பேரை எங்க போடுறது?" அருவியை மேலிருந்து கீழ்வரை நெருக்கி நிரப்பியிருந்தேன். அன்றைக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. அப்புறம் மளிகைக்கடைப் பெயருக்காக மேலே வானம் விட்டு, தேதிக் கட்டத்துக்காகக் கீழே பாறை விட்டு எடுக்க ஆரம்பித்தேன். காலி இடம் இருந்தால்தான் அருவியின் உயரமே தெரிகிறது! கலைக் கல்லூரிக்குப் போகாதவனுக்குக் கட்டமைப்புப் பாடம் நடத்தியது ஒரு மளிகைக்கடைப் பெயர்.

பரச்சுக்கி அருகே டீக்கடை போட்டிருந்த அக்காவையும் இங்கே சொல்ல வேண்டும். சாரலில் வானவில் எப்போது விழும் என்று அவருக்கு அத்துப்படி. சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும், அதற்கு நேர் எதிர்ப்புள்ளியிலிருந்து 42 டிகிரியில் வில் வளையும் என்பது எனக்குப் பிறகு தெரிந்த கணக்கு. அவர் சொன்னது, "இன்னொரு டீ குடிங்க, வரும்."

கொக்கரே பெள்ளூர் பாட்டிக்குத்தான் நான் அதிகம் கடன்பட்டவன். மத்தூர் தாலுகாவில், சிம்ஷா ஆற்றுப் பக்கம் இருக்கிற சின்ன ஊர். கூழைக்கடாக்களும் சங்குவளை நாரைகளும் ஊருக்கு நடுவே வீட்டுப் புளியமரங்களில் கூடு கட்டும். பறவை இருக்கும்வரை புளி உலுக்க மாட்டார்கள். எச்சத்தை அள்ளி வயலுக்கு எருவாகப் போடுவார்கள். 2007-இல் அரசு அதைச் சமூகக் காப்பகமாக அறிவித்தது. மக்கள் அதற்கு வெகுகாலம் முன்பே காத்துவந்தார்கள். நம் பக்கம், திருநெல்வேலிச் சீமையில் பறவைகள் கூடுகிற கூந்தன்குளத்துக்காரர்களும் இப்படித்தான்.

முகூர்த்தம் இல்லாத நாளாகப் பார்த்துப் பெரிய லென்ஸோடு போய் இறங்கினேன். எதிர் வீட்டு மாடிக்கு ஏணி கேட்டேன், கூடு கண்மட்டத்தில் கிடைக்குமே என்று. பாட்டி தரவில்லை. தாய் பயந்து எழுந்தால் குஞ்சு வெயிலில் வாடும், முட்டையைக் காக்கை கொத்தும், பிள்ளை பெற வந்தவள் அறைக்குள் இப்படி எட்டிப் பார்ப்பாயா என்று கன்னடத்தில் ஒரு பிடி பிடித்துவிட்டு, மோர் கொடுத்துத் திண்ணையில் உட்கார வைத்தார். திண்ணையிலிருந்து கூடு சரியாகத் தெரியாது. தெரிந்தது ஊர்தான். மரத்தடியில் சாணி தெளிக்கும் பெண்கள், ஓட்டுக்கூரைக்கு மேல் சிறகை மடக்காமல் வந்து இறங்கும் கூழைக்கடா, அண்ணாந்தும் பார்க்காமல் சைக்கிள் மிதிக்கும் பையன். பறவையை ஊரோடு சேர்த்து எடுத்த அந்தப் படங்களைத்தான் இன்றும் என்னைத் தேடி வந்து கேட்கிறார்கள். கூட்டுப் படங்களைப் பல போட்டிகள் இப்போது ஏற்பதே இல்லை. பாட்டி அந்த விதியை எப்போதோ போட்டுவிட்டார்.

நேரில் பயிலாத இருவருக்கும் நன்றி சொல்லாவிட்டால் மடல் நிறையாது. ஒருவர் பெங்களூரிலேயே வாழ்ந்து 2017-இல் மறைந்த காட்டுயிர்ப் படக்கலைஞர் டி.என்.ஏ. பெருமாள். அவருடைய பிரிண்டுகளின் முன் நின்றே பல ஞாயிறுகள் கழிந்தன. இன்னொருவர் நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன். வெவ்வேறு கேமராக்களின் உறுப்புகளை இணைத்துத் தானே உருவாக்கிய கருவியோடு காட்டுக்குள் போய், கறுப்பு வெள்ளையிலேயே யானைகளை எடுத்தவர். புது மாடல் வரும்போதெல்லாம் எனக்கு நமைச்சல் எடுக்கும். அவர் நினைவு வந்தால் பாதி அடங்கும்.

மீதிப் பாதியை அடக்கியது என் மனைவி. கணக்கு நோட்டு அவளிடம். "இருக்கிற லென்ஸுக்கு முதல்ல வேலை குடு" என்பாள். சரி என்று அதையே சுமந்து இன்னும் கொஞ்சம் கிட்ட நடந்தேன். அந்த லென்ஸுகளுக்கு மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்காமல் பார்த்துக்கொண்ட சிவாஜிநகர் மெக்கானிக் பாய்க்கும் சலாம். தோல் பையில் பூட்டி வைக்காதே, காற்றும் வெளிச்சமும் காட்டு, சிலிக்கா ஜெல் நீலம் மாறிச் சிவந்தால் வறுத்துப் போடு என்று சொன்னதெல்லாம் இன்னும் நடக்கிறது பாய்.

ஸ்டுடியோவில் இருக்கும் பிரிண்டுகளில் உங்கள் முகமோ வீடோ மரமோ இருந்தால் பங்குனி முடிவதற்குள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள், காசு வேண்டாம். கொக்கரே பெள்ளூருக்கு நானே கொண்டுவருகிறேன். பழைய காலண்டர் ஒன்றுக்கு இன்னும் பணம் தராத ஒருவர் மட்டும் இந்த மடலில் சேர்த்தி இல்லை. அவருக்கு என் மனைவி தனியாக எழுதுகிறாள்.