வெள்ளைச் சேலைக்கு ஒன்றரை ஸ்டாப்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்து மாடிப்படி ஏறுகிறார்கள் என்று படித்ததும் நிம்மதி. பக்கத்துக் கடையையும் சேர்த்து ஸ்டுடியோவைப் பெரிதாக்குவதும் நல்ல சேதி. தூத்துக்குடியில் இப்போது கல்யாண சீசன், உனக்குத் தூங்கவே நேரம் இருக்காது.

இங்கே பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டீகால் என்று ஒரு ஏற்பாடு உண்டு. மாணவர்களே பாடத்திட்டம் போட்டு மற்ற மாணவர்களுக்கு நடத்துவார்கள். பேராசிரியர் ஒருவர் பொறுப்பேற்றுக்கொள்வார். இந்தப் பருவத்தில் அப்படி ஒரு டிஜிட்டல் போட்டோகிராபி வகுப்பில் அனுமதி வாங்கிப் போய் உட்காருகிறேன். நடத்துகிறவள் இயற்பியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் பெண். நம்மைவிட ரொம்பச் சின்னவள்.

சர்ச் கல்யாணத்தில் மணப்பெண்ணின் வெள்ளைச் சேலை புது கேமராவில் அழுக்கேறின மாதிரி விழுகிறது என்று கேட்டிருந்தாயே, அதற்கு இங்கே பதில் கிடைத்தது. ஒரு வெள்ளைத் தாள், ஒரு சாம்பல் நிறப் பை, ஒரு கறுப்புக் கோட்டு. மூன்றையும் பிரேம் நிறைய, கேமராவை ஆட்டோ மோடில் வைத்துத் தனித்தனியாக எடுக்கச் சொன்னாள். திரையில் போட்டுப் பார்த்தால் மூன்றும் ஏறக்குறைய ஒரே சாம்பல்! துணியின் நெசவைப் பார்த்துத்தான் எது கோட்டு என்று கண்டுபிடித்தோம். எதிரே இருப்பது சேலையா கோட்டா என்று கேமராவுக்குள் இருக்கும் மீட்டருக்குத் தெரியாது. வருகிற வெளிச்சத்தை அளந்து, எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பலுக்குக் கொண்டுவரப் பார்க்கும். அதனால் வெள்ளைக்கு வெளிச்சத்தைக் கூட்டணும், கறுப்புக்குக் குறைக்கணும். சேலை பிரேமில் பாதிக்கு மேல் வந்தால் எக்ஸ்போஷரில் பிளஸ் ஒன்று, ஒன்றரை ஸ்டாப் வரை தைரியமாகப் போ. ஒரு ஸ்டாப் கூட்டினால் வெளிச்சம் இரண்டு மடங்கு. இருட்டை இடப்பக்கமும் வெளிச்சத்தை வலப்பக்கமும் காட்டுகிற வரைபடம், அந்த ஹிஸ்டோகிராம், வலது ஓரத்தில் முட்டாமல் மட்டும் பார்த்துக்கொள். முட்டினால் மடிப்பும் ஜரிகையும் போய்விடும், கேமரா பதப்படுத்தாமல் அப்படியே சேமிக்கிற ரா ஃபைலில் எடுத்திருந்தாலும் முழுசாக மீளாது.

இந்த ஊருக்கு எதிர்க்கரையில் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்த புகைப்படக்காரர் அன்செல் ஆடம்ஸ், ஃபிரெட் ஆர்ச்சரோடு சேர்ந்து 1940-ஐ ஒட்டி வகுத்த ஸோன் முறையும் இதுதான். முழுக் கறுப்பிலிருந்து முழு வெள்ளை வரை 0 முதல் 10 வரை படிகள். மீட்டர் கொண்டுபோய் நிறுத்துவது 5-இல். எந்தப் பொருள் எந்தப் படியில் நிற்கணும் என்று முடிவு செய்வது படமெடுக்கிறவன். உன் அப்பா பிலிம் காலத்தில் "அரை ஸ்டாப் கூட்டுடா" என்பாரே, அதே கணக்கு. டெக்னிக் தெரிந்தால் கலை போய்விடும் என்பவர்களோடு எனக்கு ஒத்தே போகாது. அப்பா எடுத்த படங்களைப் பார்த்தவன் எவனும் அப்படிச் சொல்லமாட்டான்.

அப்புறம் ஐ.எஸ்.ஓ, இருட்டில் படம் வெளிச்சமாக வர நாம் ஏற்றுகிற எண். அதைக் கூட்டினால் சென்சாருக்கு வரும் வெளிச்சம் கூடாது, வந்த சிக்னலைப் பெருக்குகிறது, அவ்வளவுதான். கட்டம் போட்ட தாளில் ஒரு பிடி பயறைத் தூவினாள். ஒரு கட்டத்தில் இரண்டு, பக்கத்தில் ஏழு, இன்னொன்று காலி. பிறகு பை முழுவதையும் கொட்டினாள். கட்டத்துக்குக் கட்டம் வித்தியாசமே தெரியவில்லை. ஒளித்துகள்களும் அப்படித்தான் விழுகின்றன. ஒரு பிக்சலில் சராசரியாக 100 விழுந்தால் 10 கூடக்குறைய இருக்கும், பத்தில் ஒரு பங்கு. 10,000 விழுந்தால் 100தான், நூற்றில் ஒரு பங்கு. மண்டபத்து இருட்டில் படம் புள்ளிபுள்ளியாக வருகிறதே, அந்த நாய்ஸுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஆகவே முதலில் லென்ஸைத் திற, ஆள் அசைந்து மங்காத அளவுக்கு ஷட்டர் வேகத்தைக் குறை, அதற்கு மேல் தேவைப்பட்டால் ஐ.எஸ்.ஓவைத் தயங்காமல் ஏற்று. இருட்டாக எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டரில் வெளிச்சம் ஏற்றினால் நாய்ஸ் போகாது.

இதெல்லாம் யூடியூபிலும் இருக்கிறதே என்பாய். இருக்கிறது. ஆனால் லென்ஸ் துளையின் அளவைச் சொல்லும் அப்பர்ச்சர் எண்கள் ஏன் 2, 2.8, 4, 5.6 என்று போகின்றன என்பதற்கே இவள் ஒரு வகுப்பு முழுக்கச் செலவழித்தாள். எண் 1.4 மடங்கு கூடினால் துளையின் விட்டம் அதே அளவு சுருங்கும், பரப்பு பாதியாகும், வெளிச்சமும் பாதியாகும். இருபது வருஷம் அனுபவம் உள்ளவர் இதை ஒரு வரியில் தாண்டிவிடுவார். இவளுக்கு இது விளங்கியதே போன வருஷம்தான், எந்த இடத்தில் புதுசாக வருகிறவன் திணறுவான் என்று நன்றாக ஞாபகம் இருக்கிறது. யாராவது புதுசாக ஒன்று கேட்டால், "எடுத்துப் பார்த்துவிடலாம்" என்று உடனே கேமராவைத் தூக்குகிறாள்.

அதனால்தான் சொல்கிறேன், உன் ஸ்டுடியோவில் புதுசாகச் சேர்ந்த பையன்களுக்கு நீயே சொல்லிக்கொடுக்காதே. போன வருஷம் சேர்ந்தவனைச் சொல்லிக்கொடுக்க விடு. நீ பக்கத்தில் இருந்தால் போதும்.

முதல் பாடத்துக்கு உங்கள் உப்பளமே போதும். வெயில் ஏறியதும் ஒரே உப்புக் குவியலைப் பூஜ்யம், பிளஸ் ஒன்று, பிளஸ் இரண்டு என்று எடுக்கச் சொல். ரா ஃபைலாகவே எனக்கு அனுப்பு. வகுப்பில் போட்டுக் காட்டலாமா என்று அவளிடம் கேட்டேன், சரி என்றாள். அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்