தம் கட்டும் முன் இதைப் படி

அன்பு மகள் யாழினிக்கு,

முங்கு நீச்சலில் குளத்தின் அக்கரையை ஒரே தம்மில் தொடப் பழகுவதாக எழுதியிருந்தாய். சந்தோஷம். ஆனால் உள்ளே இறங்கும் முன் வேகவேகமாக மூச்சை இழுத்து விட்டுக்கொள்வதாகப் போகிற போக்கில் சொல்லியிருக்கிறாயே, அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

அப்படிச் செய்தால் உடம்பில் கூடுதல் ஆக்சிஜன் சேரும் என்று யாரோ உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். அப்படி ஒன்றும் பெரிதாகச் சேராது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே உன் ரத்தத்தின் ஹீமோகுளோபின், தான் சுமக்கக்கூடிய ஆக்சிஜனில் 97, 98 சதவீதத்தைச் சுமந்துகொண்டுதான் ஓடுகிறது. அதற்கு மேல் திணிக்க இடமில்லை. வேக மூச்சால் உண்மையில் மாறுவது கரியமில வாயுதான். அது மளமளவென்று வெளியேறிவிடும்.

கழிவுதானே, போனால் நல்லது என்பாய். இங்கேதான் சூட்சுமம். தம் கட்டும்போது மூச்சு முட்டுகிறதே, அதற்கு முதல் காரணம் ஆக்சிஜன் குறைவதல்ல, கரியமில வாயு மிகுவது. அது ரத்தத்தில் கரைந்து அமிலத்தன்மை கூடினால், மூளையின் அடியில் இருக்கும் முகுளம் உடனே மூச்சிழுக்கும் தசையான உதரவிதானத்தை முடுக்கும். விறகு எவ்வளவு மிச்சம் என்று பாராமல் புகையை மட்டுமே பார்த்துக் குரல் கொடுக்கும் காவல்காரன் அது. நீ முன்கூட்டியே புகையை விரட்டிவிட்டால் அவன் வாயைத் திறக்க மாட்டான். தண்ணீருக்குள் ஆக்சிஜன் தீர்ந்துகொண்டே வரும், உனக்கோ திணறல் தெரியாது. இன்னும் கொஞ்சம் போகலாம் என்று தோன்றும்போதே நினைவு தப்பும். அதன் பிறகு உடம்பு தானாக மூச்சை இழுக்கும். உள்ளே போவது தண்ணீர். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே ஆழமில்லாத தண்ணீரில் இப்படி இறந்துபோயிருக்கிறார்கள்.

மீனின் ஏற்பாடு வேறு. தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன், அதே அளவு காற்றில் இருப்பதில் சுமார் முப்பதில் ஒரு பங்குதான். ஆனால் கரியமில வாயு செவுள் வழியே சுலபமாகக் கரைந்து போய்விடும். அதனால் மீனின் உடம்பு முக்கியமாகக் கவனிப்பது ஆக்சிஜனைத்தான். செவுளில் ரத்தம் ஒரு திசையிலும் தண்ணீர் எதிர்த்திசையிலும் ஓடுவதால், கிடைப்பதில் பெரும்பகுதியை அது வடித்துக்கொள்ளும். நாமோ 21 சதவீத ஆக்சிஜன் உள்ள காற்றை இழுத்து, 16 சதவீதத்தைத் திருப்பி விடுகிறோம். காற்றில் தாராளமாகக் கிடைப்பதால் வந்த ஊதாரித்தனம்!

அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவோ நம் கட்சி. உடம்பின் பக்கவாட்டில் இருக்கும் மூச்சுத்துளைகளை அது மணிக்கணக்கில் மூடி வைத்திருக்கும். உள்ளே கரியமில வாயு ஓர் அளவைத் தாண்டினால்தான் நன்றாகத் திறக்கும்.

திமிங்கலம் முங்கவில்லையா என்று நீ கேட்பாய், எனக்குத் தெரியும். எண்ணெய்த் திமிங்கலம் ஒரு மணி நேரத்துக்கு மேலும் உள்ளே இருக்க வல்லதுதான். ஆனால் அது நுரையீரல் காற்றை நம்பிப் போவதில்லை. அதன் தசைகளில் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் மயோகுளோபின் என்ற புரதம் செறிந்திருப்பதால், ஆக்சிஜனை அங்கேயே சேமித்துக்கொண்டு இறங்கும். சீல்களில் பல, முங்கும் முன் மூச்சை வெளியே விட்டுவிட்டே போகும். நமக்கு அந்த அளவு சேமிப்பு இல்லை.

நீச்சலை விடச் சொல்லவில்லை. இறங்கும் முன் இயல்பாக மூச்சு விடு, அது போதும். முட்டினால் உடனே மேலே வா. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் ஒரு வீச்சு என்று போகாதே. அடுத்த முறை முங்கும் முன் நன்றாக இளைப்பாறு. தனியாக ஒருநாளும் இதைச் செய்யாதே. உன்னையே பார்த்துக்கொண்டு, தூக்கி வெளியே போடத் தெரிந்த ஒருவர் கரையில் இருக்க வேண்டும். கைபேசியில் குனிந்திருப்பவர் கணக்கில் சேர மாட்டார். உன்னோடு பழகும் பிள்ளைகளிடமும் இதைச் சொல்லிவிட்டு எனக்குப் பதில் எழுது.

அன்புடன்,
அப்பா