தீர்க்கதரிசனத்தை நிதானிக்கும் பொறுப்பு சபைக்கு உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிசம்பர் பிறந்துவிட்டால் வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கத்துச் சுவர்களில் தீர்க்கதரிசன முழு இரவு ஜெபத்துக்கான சுவரொட்டிகள் நிறைந்துவிடுகின்றன. வரும் ஆண்டில் யாருக்கு வேலை கிடைக்கும், யாருக்கு விசா வரும், யார் வீட்டில் கல்யாணம் நடக்கும் என்று மேடையிலிருந்து பெயர் சொல்லி அழைத்து அறிவிப்பதே தீர்க்கதரிசனம் என்று நம் பிள்ளைகள் நினைக்கத் தொடங்கிவிட்டார்கள். அமெரிக்க மிஷனரிகளின் ஆற்காடு மிஷன் காலத்தில் ஞானஸ்நானம் பெற்ற குடும்பத்தில் பிறந்து, தென்னிந்தியத் திருச்சபையில் பல ஆண்டுகள் மூப்பராக இருந்தவன் என்ற முறையில் இதைக் குறித்துச் சில வார்த்தைகள் எழுத விரும்புகிறேன்.

தீர்க்கதரிசன வரத்தை மறுப்பவன் அல்லன் நான். அமெரிக்காவில் 1906இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் அசூசா தெருவில் பெந்தெகொஸ்தே எழுப்புதல் தொடங்குவதற்கு நாற்பத்தாறு ஆண்டுகளுக்கு முன்பே, 1860இல், திருநெல்வேலிச் சீமையில் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் ஊழியம் செய்த சபைகளில் அந்த வரம் வெளிப்பட்டதை நம் திருச்சபை வரலாறு பதிவு செய்திருக்கிறது. ஆகவே இது வெளிநாட்டிலிருந்து வந்த புதுப் பழக்கம் என்று தள்ளிவிடுவதற்கில்லை. ஆனால் வரம் இருக்கிறது என்று ஒப்புக்கொள்வது வேறு, ஒலிவாங்கியைப் பிடித்தவர் சொல்வதையெல்லாம் கர்த்தருடைய வாக்கு என்று ஏற்பது வேறு.

என் அக்காவுக்கு மார்பில் கட்டி இருப்பதாகத் தெரிந்தபோது, பயாப்சி எடுக்க வேண்டும் என்று மருத்துவர் சீட்டு எழுதிக் கொடுத்தார். அதே வாரம் அவர் போன ஒரு கூட்டத்தில், "நீலப் புடவை கட்டியிருக்கிற சகோதரியே, கர்த்தர் உன்னைத் தொட்டுவிட்டார், உன் மேல் கத்தி படாது" என்று மேடையிலிருந்து சொல்லப்பட்டது. அக்கா அந்தச் சீட்டை நான்காக மடித்து, வேதாகமத்தில் "அவருடைய தழும்புகளால் குணமாகிறோம்" என்று சொல்லும் ஏசாயா ஐம்பத்து மூன்றாம் அதிகாரத்தில் வைத்துவிட்டார். ஏழு மாதம் கழித்து அது என் கைக்கு வந்தபோது மடிப்பு இற்றுப்போய், மருத்துவரின் எழுத்து அழிந்திருந்தது. மேற்கு வங்கத்திலிருந்தும் அசாமிலிருந்தும் நோயாளிகள் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்காக நாள் கணக்கில் ரயிலில் பயணம் செய்து காட்பாடியில் இறங்குகிறார்கள். சத்துவாச்சாரியில் குடியிருந்த என் அக்காவோ அந்த ஏழு மாதமும் மருத்துவமனைப் படியை மிதிக்கவில்லை. அறுவை சிகிச்சையும் கீமோவும் முடிந்து, கர்த்தருடைய கிருபையால் இன்று உயிரோடு இருக்கிறார். அந்த ஊழியரிடம் போய்க் கேட்டபோது, "சகோதரிக்கு விசுவாசம் போதவில்லை" என்றார். நோயைவிட அந்தச் சொல்தான் என் அக்காவை இன்னும் வாட்டுகிறது.

வேதம் காட்டுகிற ஒழுங்கு இதற்கு நேர் எதிரானது. சொன்ன காரியம் நடவாமற்போனால் அது கர்த்தர் சொல்லாத வார்த்தை என்று உபாகமம் பதினெட்டாம் அதிகாரம் சொல்லுகிறது. அங்கே கணக்குக் கேட்கப்படுகிறவன் சொன்னவனே, கேட்டவன் அல்லன். கொரிந்து சபைக்கு எழுதிய பவுலும், இரண்டு மூன்று பேர் தீர்க்கதரிசனம் சொல்லலாம், "மற்றவர்கள் நிதானிக்கக்கடவர்கள்" என்றார். பேச அனுமதி கொடுத்த அதே வசனத்தில்தான் நிதானிக்கும், அதாவது சோதித்து அறியும், கடமையையும் வைத்தார். அந்த வசனத்தின் முன்பாதியைச் சுவரொட்டியில் அச்சிடுகிறோம். பின்பாதியை யார் வாசிக்கிறார்கள்? ஆதித் திருச்சபையின் நடைமுறை நூலாகிய திதாக்கே, ஆவியில் பேசுவதாகச் சொல்லித் தனக்குப் பணம் கேட்பவனுக்குச் செவிகொடுக்க வேண்டாம் என்றும், ஏழைகளுக்காகக் கேட்டால் அவனை நியாயந்தீர்க்க வேண்டாம் என்றும் பிரித்துச் சொல்கிறது. காணிக்கைக் கவரோடு தனி ஜெபத்துக்கு வரிசையில் நிற்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம், தீர்க்கதரிசிகள் பணத்துக்குக் குறிசொல்லுகிறார்கள் என்ற மீகாவின் வார்த்தையே என் நினைவுக்கு வருகிறது.

அகபு என்னும் தீர்க்கதரிசி பஞ்சம் வரும் என்று அறிவித்தபோது, அந்தியோகியா சபையார் தங்களுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்கவில்லை. அவரவர் தம் திராணிக்கு ஏற்ப யூதேயாவிலிருந்த சகோதரருக்குப் பணம் சேர்த்து அனுப்பினார்கள். நம் ஊருக்கு வந்த அழைப்பும் அப்படிப்பட்டதுதான். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் பெண் மருத்துவர் இல்லாமல் இறந்ததைத் தமக்கு விடுக்கப்பட்ட தேவ அழைப்பாக ஏற்றுத்தான் அமெரிக்க மிஷனரி குடும்பத்துப் பெண்ணான ஐடா ஸ்கடர் மருத்துவம் படித்தார்; 1900இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு மருத்துவப் பணியைத் தொடங்கினார்; அதுவே இன்றைய சி.எம்.சி. மருத்துவமனை.

எனவே ஆயர்களிடமும் சபைகளை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டிகளிடமும் என் வேண்டுகோள் இது. ஆராதனையில் சொல்லப்படும் தீர்க்கதரிசனம் எதுவாயினும் அதைத் தேதியோடும் சொன்னவர் பெயரோடும் சபைப் பதிவேட்டில் எழுதிவையுங்கள். மூப்பர்கள் கூடி நிதானிக்கட்டும். நிறைவேறாததைச் சபைக்கு முன்பாகவே சொல்லுங்கள். மருந்தை நிறுத்து, அறுவை சிகிச்சை வேண்டாம் என்று சொல்கிற எவருக்கும் பீடத்தில் இடம் கொடுக்காதீர்கள். எங்கள் சேகரக் கமிட்டியின் அடுத்த கூட்டத்துக்கு இதை எழுத்து மூலமாகவே கொடுத்திருக்கிறேன். கடிதத்தோடு அக்காவின் அந்தச் சீட்டின் நகலையும் இணைத்திருக்கிறேன்; இணைக்கச் சொன்னவர் அவரே.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
சத்துவாச்சாரி, வேலூர்.